விழுந்தால் யாரைப் பார்க்கும்?

பெங்களூரு எல்.ஆர். நகரில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு வாசலில் ஒரே ஒரு படி. நடக்கப் பழகும் பிள்ளையின் காலுக்கு அது கொஞ்சம் அதிக உயரம். அதில் தடுக்கி விழாத பிள்ளை இதுவரை எங்களிடம் வந்ததில்லை. இடித்துத் தாழ்த்த வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறோம், வீட்டுக்காரர் மசியவில்லை.

விழுகிற பிள்ளைகளைத் தினமும் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. விழுந்த நொடியில் பிள்ளை முட்டியைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கும். அம்மா இன்னும் தெருமுனை தாண்டவில்லை என்றால் அந்தப் பக்கம் திரும்பும். போய்விட்டிருந்தால் எங்கள் ஆயாம்மாவைத் தேடும். அந்த முகம் கிடைத்த பிறகுதான் அழுவதா, எழுந்து ஓடுவதா என்று முடிவு பண்ணும். ஆளில்லாத இடத்தில் விழுந்துவிட்டு, பேசாமல் எழுந்து வந்து, அம்மாவைக் கண்டதும் ஓவென்று ஆரம்பிக்கிற பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

போன வருஷம் சேர்ந்த ஒரு பையன் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டேகால் வயசு. வந்த இரண்டாம் நாள் குப்புற விழுந்தான். முட்டி சிராய்த்து ரத்தம் கசிந்தது. எழுந்தான், சட்டை நுனியை இழுத்து எச்சில் தொட்டு முட்டியைத் துடைத்தான், பொம்மைக் கூடையைப் பார்த்து நடந்தான். ஆயாம்மா ஓடிப்போய்த் தூக்கியபோது கட்டை மாதிரி விறைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் அவன் அம்மாவிடம் சொன்னோம். கோரமங்களாவில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். முகமெல்லாம் பெருமை. "எம்புள்ள சமத்து மிஸ். அழவே மாட்டான். யார்கிட்ட வுட்டாலும் இருந்துக்குவான்."

சமத்துதான். ஆனால் அந்தச் சமத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒட்டுதல் என்றால் என்ன

விழுந்தால் ஒருவரைத் தேடிப் பார்ப்பது, பயந்தால் ஒருவரிடம் ஓடுவது, அவர் பக்கத்தில் இருந்தால் தைரியமாக விலகிப் போய் விளையாடுவது. இதற்கெல்லாம் சேர்த்து உளவியலில் அட்டாச்மென்ட் என்று பெயர். புத்தகத் தமிழில் பிணைப்பு என்பார்கள். வீட்டில் நாம் சொல்வது ஒட்டுதல். "அத்தைகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு", "அவங்கப்பன்கிட்ட ஒட்டவே மாட்டேங்குது" என்கிறோமே, அதேதான்.

நம் பாட்டிகளுக்கு இது புது விஷயமில்லை. ஏழெட்டு மாசத்துப் பிள்ளை புது ஆளைக் கண்டு உதட்டைப் பிதுக்கினால் "வேத்துமுகம் பாக்குது" என்பார்கள். அம்மா ஊருக்குப் போன நேரம் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் "ஏக்கம்" என்பார்கள். அடுத்தது வயிற்றில் தங்கி, பால் மறக்கடிக்கப்பட்டு, சிணுங்கியே தேய்கிற பிள்ளைக்குச் சவலை என்று பெயரே வைத்திருக்கிறோம். சவலைக்குப் போனது பாலா, மடியா என்று பாட்டியிடம் பிரித்துக் கேட்டால் சிரிப்பார். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தே தீருவது என்று இறங்கியவர்களும் உண்டு.

அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ 1950களில் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு பொம்மைகளோடு விட்டார். ஒன்று வெறும் கம்பி, அதில் பால் புட்டி. இன்னொன்றில் மெத்தென்று துணி சுற்றியிருந்தது, பால் இல்லை. குட்டிகள் கம்பியிடம் போய்க் குடித்தன, மீதி நேரமெல்லாம் துணிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தன. இரக்கமில்லாத சோதனை. இன்றைக்கு யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனாலும் 'சோறு ஊட்டுகிறவரிடம் பிள்ளை தானாக ஒட்டும்' என்ற அந்தக் கால நம்பிக்கை அதில்தான் ஆட்டம் கண்டது.

அதே காலத்தில் லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் போரில் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு 1951இல் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். அழுவது, பின்னாலேயே வருவது, கையை நீட்டுவது, விடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் பிள்ளையின் பிடிவாதம் இல்லை, பெரியவர் ஒருவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள இயற்கை கொடுத்த வழி என்பது அவர் பிற்பாடு வகுத்த கொள்கை. ஆட்டுக்குட்டி 'மே' என்று கத்தினால் எதற்கு என்று நாம் கேட்பதில்லை. நம் பிள்ளை கத்தினால் மட்டும் "எதுக்கு இப்படிக் கத்துற?" என்கிறோம்.

பௌல்பியோடு வேலை பார்த்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். எனக்குப் பிடித்தவர் இவர்தான், காரணம் அவர் ஆரம்பித்த இடம். 1954இல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவைச் சுற்றியிருந்த கிராமங்களில் வீடு வீடாக உட்கார்ந்து 26 குடும்பங்களின் கைக்குழந்தைகளைக் கவனித்தார். தோட்டத்தில் பாடுபடுகிற தாய்மார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் மற்றவர்களும் இருப்பார்கள். பிள்ளை தவழ்ந்து தூரமாகப் போகும், திரும்பிப் பார்க்கும், வந்து அம்மா மடியைத் தொட்டுவிட்டு மறுபடியும் போகும். கண்ணாமூச்சியில் தாச்சியைத் தொடுவது மாதிரி. இந்தப் போக்குவரத்தைத்தான் அவர் குறித்துக்கொண்டார். ஒட்டுதல் என்றால் இடுப்பை விட்டு இறங்காமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. நன்றாக ஒட்டின பிள்ளைதான் நன்றாக விலகியும் போகும்.

காலை அழுகையும் மாலை முகமும்

எய்ன்ஸ்வொர்த் பிறகு அமெரிக்காவின் பால்ட்டிமோரில் ஒரு சோதனை செய்தார். ஒரு வயதை ஒட்டிய பிள்ளையும் அம்மாவும் விளையாட்டுச் சாமான் நிறைந்த அறைக்குள் வருவார்கள். புது ஆள் ஒருவர் உள்ளே வருவார். அம்மா கொஞ்ச நேரம் வெளியே போவார், திரும்பி வருவார், மறுபடி போவார், மறுபடி வருவார். மொத்தமே இருபது நிமிஷம். பிள்ளை என்ன செய்கிறது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்கள்.

அம்மா போகும்போது அழுகிறதா என்பதை வைத்து அங்கே மதிப்பிடுவதில்லை. அம்மா திரும்பி வந்ததும் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. இதைப் படித்தபோது நான் கொஞ்சம் ஆடிப்போனேன். காப்பகத்தில் எங்கள் கவனமெல்லாம் காலை ஒன்பது மணி அழுகையில்தான் இருந்தது. யார் எவ்வளவு நேரம் அழுதது, யார் அழாமல் உட்கார்ந்தது என்று நோட்டில் எழுதுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாக்கள் வரும்போது செருப்புத் தேடவும் பையைக் கொடுக்கவும்தான் எங்களுக்கு நேரம்.

அதன் பிறகு ஆறு மணியைப் பார்க்க ஆரம்பித்தோம். பெரும்பாலான பிள்ளைகள் அம்மா தலை தெரிந்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடும். காலையில் கூரை அதிர அழுத பிள்ளையும், தூக்கின இரண்டு நிமிஷத்தில் அம்மா தோளில் சாய்ந்து, எங்களுக்கு டாட்டா காட்டும். இதைப் பத்திரமான ஒட்டுதல் என்பார்கள். சில பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, தூக்கினால் உதைக்கும், இறக்கினால் அலறும். அம்மா வந்தது போதவில்லை, எப்போது மறுபடி போய்விடுவாரோ என்று ஓயாத சந்தேகம். ஒரு நாள் தூக்கிக் கொஞ்சி, மறுநாள் திரும்பியே பார்க்காத பெரியவரிடம் வளரும் பிள்ளைகளிடம் இது தெரிவது உண்டு.

எங்கள் பையன் மூன்றாவது வகை. அம்மா வந்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கையிலிருந்த பிளாஸ்டிக் லாரியின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருப்பான். கூப்பிட்டால் எழுந்து வருவான். அம்மாவின் கையைப் பிடிக்க மாட்டான், அவர் பையின் வாரைப் பிடித்துக்கொள்வான்.

பார்க்கிறவர்களுக்கு இது சுதந்திரமான பிள்ளை மாதிரி தெரியும். 1970களில் ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். முகத்தில் ஒன்றுமே காட்டாத பிள்ளைக்கும் துடிப்பு ஏறத்தான் செய்தது. கவலை இல்லாமல் இல்லை. காட்டிப் பயனில்லை என்று உடம்பு படித்துக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றுமே பிள்ளை தன் வீட்டு நிலைமைக்கு ஏற்றபடி கண்டுபிடித்துக்கொண்ட வழிகள். எதுவும் நோய் இல்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது நாலாவது. மேரி மெயினும் ஜூடித் சாலமனும் 1980களில் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அம்மாவை நோக்கி ஓடிவந்து பாதியில் உறைந்து நிற்கும். பின்பக்கமாக நடந்து வரும். கையை நீட்டும், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும். பயந்தால் ஓட வேண்டிய இடமே பயமுறுத்துகிற இடமாக இருந்தால் பிள்ளை எங்கேதான் போகும்? வீட்டில் அடிதடி, குடி, அல்லது தாய்க்கே மனசில் ஆறாத ஏதோ பயம் என்றால் இது வரக்கூடும். வழி இல்லாத பிள்ளை இது.

வறுமை எங்கே வந்து நுழைகிறது

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் "ஏழை வீடுகளில் பாசத்துக்கு என்ன குறை, பணக்கார வீட்டில்தான் பிள்ளையை ஆயாவிடம் விடுகிறார்கள்" என்பார். இன்னொருவர் "இவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்பார். இரண்டு பேரும் பாசத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஒட்டுதல் என்பது பிள்ளை மேல் எவ்வளவு பாசம் இருக்கிறது என்ற கணக்கு இல்லை. பிள்ளை கூப்பிட்டால் யாராவது வருகிறார்களா, வருவது பெரும்பாலும் அதே ஆள்தானா என்ற கணக்கு.

1999இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நாலாவது வகை, நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் சுமார் 15 சதவீதம். வசதி குறைந்த குடும்பங்களில் சுமார் 25 சதவீதமும் அதற்கு மேலும். கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான பிள்ளைகளில் பாதிக்குக் கிட்டே. ஏழை வீட்டில் கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கள் பையனின் கதையைப் பார்த்தால் வறுமை எந்த வாசல் வழியாக வருகிறது என்று தெரியும். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தான். ஐந்தாம் மாசம் அம்மா அவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெங்களூரு திரும்பினார், விட்டால் வேலை செய்யும் வீடுகள் கைமாறிவிடும். ஒரு வயசில் பாட்டிக்கு உடம்பு முடியாமல் போக, ஓசூரில் அத்தை வீடு. அத்தைக்குக் குழந்தை பிறக்கவும் ஒன்றரை வயசில் இங்கே. பக்கத்து வீட்டு அக்கா மாசக் காசுக்குப் பார்த்துக்கொண்டார். வாடகை ஏறி அந்த அக்கா வீடு மாறிப் போனதும் எங்களிடம் வந்தான். இரண்டேகால் வயசுக்குள் ஐந்தாவது கை. யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பாட்டி உயிரையே வைத்திருந்தாராம். அவன் பக்கமிருந்து பார்த்தால், ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டதும் அந்த முகம் காணாமல் போகிறது. நாலு தடவை நடந்தால் நானாக இருந்தாலும் முட்டியை நானே துடைத்துக்கொள்ளத்தான் கற்றுக்கொள்வேன்.

இந்த ஊரில் இது ஒரு பையனின் கதை இல்லை. கார்மெண்ட்ஸுக்குப் போகும் பெண்ணுக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். வீட்டு வேலைக்குப் போகிறவர் நேரம் தவறினால் வேறு ஆள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்கு 2017இல் மகப்பேறு சட்டத் திருத்தம் சொன்னது. பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு எந்த நிறுவனம்? அங்கன்வாடித் திட்டம் 1975இலிருந்து இருக்கிறது, ஆனால் அங்கே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது மூன்று வயசுக்கு மேல்தான். அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு சத்துமாவு வீட்டுக்கு வரும், ஆள் வராது. ஒட்டுதல் உருவாகும் வயசோ சரியாக அந்த மூன்றுக்குக் கீழே.

வீடும் நிலையில்லை. 2013 ஜனவரியில் இங்கே பக்கத்தில் ஈஜிபுரா குடியிருப்பை இடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்போது போனது கூரை மட்டுமில்லை. பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு ஆயா, அரிசி கடன் கொடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா, எல்லாம் ஆளுக்கொரு திசை. ஏழைப் பிள்ளைக்கு ஒட்டுதல் அக்கம்பக்கத்திலும் பரவித்தான் இருக்கிறது. குடியிருப்பைக் கலைத்தால் அதுவும் கலையும்.

இன்னொன்று, தாயின் மனசு. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றிக் கோவாவில் நடந்து 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 23 சதவீதத் தாய்மார்களுக்கு அது இருந்தது. பசியும் கணவனின் வன்முறையும் பெண் பிள்ளை பிறந்ததும் அதைக் கூட்டின. மனச்சோர்வில் இருக்கும் தாய் பிள்ளைக்குப் பால் கொடுப்பார், குளிப்பாட்டுவார், எல்லாம் செய்வார். பிள்ளை சிரித்தால் திருப்பிச் சிரிக்க மட்டும் முகத்தில் தெம்பு இருக்காது. எங்கள் அம்மாக்களில் யாராவது "பிள்ளையப் பாத்தா ஒண்ணுமே தோணல மிஸ்" என்று சொன்னால், நாங்கள் அதைத் தாய்ப்பாசக் குறை என்று எடுத்துக்கொள்வதில்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

வேலைக்குப் போவதா குற்றம்?

இல்லை. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு, காப்பகத்தில் விடுவது மட்டுமே ஒட்டுதலைக் கெடுப்பதில்லை என்று கண்டது. வீட்டிலும் கவனிப்பு மோசம், காப்பகமும் மோசம் என்று இரண்டும் சேர்ந்தால்தான் சிக்கல் கூடியது.

அதற்கு வெகு முன்பே, 1964இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 கைக்குழந்தைகளைப் பார்த்தார்கள். பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஒன்றரை வயசுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டியிருந்தன: அப்பா, பாட்டி, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர். கூடவே அதிக நேரம் இருந்தவரிடம்தான் அதிகம் ஒட்டும் என்றும் இல்லை. கூப்பிட்டால் சட்டென்று திரும்புகிறவரிடம், தன்னோடு விளையாடுகிறவரிடம் ஒட்டின. நாள் முழுக்க வீட்டிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பவரைவிட, ராத்திரி ஏழு மணிக்கு வந்து அரை மணி நேரம் முகம் கொடுக்கிறவர் பிள்ளைக்குப் பெரிய ஆள்.

அந்த அரை மணி நேரமும் எல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் எட் ட்ரோனிக் தாயும் சேயும் விளையாடுவதை நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார். இருவரும் ஒத்துப்போனது பத்தில் மூன்று பங்கு நேரம்தான். மீதி நேரம் பிள்ளை ஒன்று கேட்க அம்மா ஒன்று செய்கிறார், பிறகு புரிந்துகொண்டு சரிசெய்கிறார். இந்தச் சரிசெய்வதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் அம்மாக்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர், "பத்துக்கு மூணா? அப்ப நான் பாஸு" என்றார்.

எப்போது டாக்டரிடம் போவது

இதுவரை சொன்ன நாலு வகையும், கவலைப்பட வேண்டிய அந்த நாலாவது உட்பட, நோயின் பெயர்கள் இல்லை. ஒட்டுதல் கோளாறு என்று மருத்துவர்கள் பெயர் கொடுப்பது வேறு, மிக அரிது. இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிள்ளை வலித்தாலும் பயந்தாலும் யாரிடமும் ஆறுதல் தேடாது, கொடுத்தாலும் ஏற்காது, சிரிப்பே இருக்காது. இன்னொன்று நேர் எதிர்: வேத்துமுகமே கிடையாது, யார் கையைப் பிடித்தாலும் கூடவே போய்விடும். இரண்டுக்கும் பின்னால் படுமோசமான கவனிப்பு, கடுமையான புறக்கணிப்பு மாதிரி ஏதாவது, இருந்திருக்க வேண்டும். ஏழ்மை மட்டும் இருந்தால் இந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

இரண்டாவது வகையில் எங்களுக்கு ஒரு சின்னப் பெண்ணின் அனுபவம் உண்டு. தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தால் அவர் மடி. கரண்ட் பில் கொடுக்க வந்தவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு "நானும் வரேன்". வருகிறவர்கள் எல்லாம் "என்ன பாசமான பிள்ளை" என்பார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். யாரோடும் போகிற பிள்ளையை யார் வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம். இந்த மாதிரி பிள்ளையிடம் அதட்டிப் பயனில்லை. "முதலில் ஆயாம்மாவைக் கேட்டுட்டு" என்ற ஒரே பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தோம், வருகிறவர்களிடமும் தூக்காதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டோம். பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

அவசரப்பட்டு ஒட்டுதல் பிரச்சினை என்று நாமே முத்திரை குத்துவதும் தப்பு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். கண்ணைப் பார்க்காத பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம், அது வளர்ப்பால் வருவதே இல்லை. சோர்ந்தே கிடக்கும் பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கலாம். அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் முதலில் காட்டுங்கள். அதற்கு மேல் என்றால் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது.

"ஹோம்ல வுட்டா வேளைக்குச் சாப்பிடும்" என்று கையைப் பிசைந்துகொண்டு கேட்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு ருமேனியாவைப் பற்றிச் சொல்வேன். 1989இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது அரசு இல்லங்களில் ஆயிரமாயிரம் பிள்ளைகள் இருந்தார்கள். சோறு உண்டு, கட்டில் உண்டு, தனக்கென்று ஒரு முகம் இல்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு புக்காரெஸ்ட்டில் அப்படிப்பட்ட 136 பிள்ளைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்து ஒப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களுக்கு ஒட்டுதல் துளிர்த்தது. இரண்டு வயசுக்குள் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. நம் 2015 சிறார் நீதிச் சட்டமும் இல்லம் என்பது கடைசி வழி என்றுதான் சொல்கிறது. அந்தத் தாய்க்கு வேளைச் சோற்றுக்கு வேறு வழி காட்டாமல் இந்தப் பாடம் நடத்துவதில் அர்த்தமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நாங்கள் செய்தது

பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் கைகளைக் குறைத்தோம். பதினெட்டுப் பிள்ளைகளையும் மூன்று பேரும் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருந்ததை மாற்றி, ஆளுக்கு ஆறு என்று பிரித்தோம். அந்தப் பையனுக்குச் சோறூட்டுவது, கழுவிவிடுவது, தூங்க வைப்பது எல்லாம் ஆயாம்மா ஒருவர்தான். அவர் லீவு போடுவதாக இருந்தால் முதல் நாளே அவனிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நானே கேட்டேன். சொன்ன நாளிலும் சொல்லாத நாளிலும் அவன் சாப்பிட்ட அளவைப் பார்த்தபின் கேட்பதை நிறுத்தினேன்.

அடுத்தது, ஏமாற்றிவிட்டு ஓடுவதை நிறுத்தச் சொன்னோம். "அங்க பாரு காக்கா" என்று திருப்பிவிட்டுப் போனால் அழுகை பத்து நிமிஷம் மிச்சம், ஆனால் பிள்ளை நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அம்மா போயிட்டு சாயங்காலம் லைட் போட்டதும் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, அழுதாலும் அழட்டும் என்று போக வேண்டும். அம்மாவின் பழைய புடவைத் துண்டு ஒன்று பையில் வந்தது, துவைக்காமல். "பூச்சாண்டிகிட்ட புடிச்சிக் குடுத்துருவேன்", "வுட்டுட்டுப் போயிருவேன்" இரண்டையும் விடச் சொன்னோம். இதில் பாதிதான் ஜெயித்தோம், ஆயாம்மாவே வாரத்துக்கு ஒரு தரம் பூச்சாண்டியைக் கூப்பிடுவார்.

விறைத்துக்கொள்ளும் பிள்ளையை வலிய இழுத்து அணைக்கக் கூடாது. ஆயாம்மா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வார். அவன் லாரி ஓட்டுவான். லாரி எப்போதாவது கீரைக்கட்டில் வந்து முட்டும். "லாரி வந்துருச்சா?" என்பார், அவ்வளவுதான். இப்படி நாலைந்து மாசம்.

ஒரு நாள் அதே படியில் மறுபடி விழுந்தான். எழவில்லை. தலையைத் தூக்கி அறைக்குள் ஒரு சுற்றுப் பார்த்தான், ஆயாம்மா முகத்தில் வந்து நின்றான், அழ ஆரம்பித்தான். சின்னச் சிராய்ப்புக்கு அரை மணி நேரம் அழுதான். அவன் அம்மா சாயங்காலம் பதறினார்: "முன்னாடி இப்படி இல்லையே மிஸ், செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்களா?" நாங்கள் இதையெல்லாம் அவருக்கு விளக்க ஒரு வாரம் ஆனது.

இந்த மே மாசம் அந்த அம்மா கார்மெண்ட்ஸ் வேலை கிடைத்து பொம்மனஹள்ளிப் பக்கம் வீடு மாறினார். பையனுக்கு மூன்று வயசு நிறைந்திருந்தது, அங்கே அங்கன்வாடியில் சேர்ப்பதாகச் சொன்னார். ஆறாவது கை. தடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. போவதற்கு முன்னால் புது டீச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பலாம் என்று ஆயாம்மாதான் சொன்னார். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் கன்னடத்தில் எழுதினேன்.

"பேரு சொல்லிக் கூப்டாத் திரும்ப மாட்டான். குட்டின்னு கூப்புடுங்க. தூங்கறப்போ காதைப் புடிச்சிக்கினு தூங்குவான். அவன் காது இல்ல, உங்க காது. ரசம் ஊத்தினா சாப்டுவான். கீழ வுழுந்தா ஓடிவந்து தூக்காதீங்க. மொதல்ல பாப்பான். உங்களப் பாத்தான்னா அப்புறம் தூக்குங்க."

மடித்துக் கவரில் போடப்போனேன். கீழே தன் போன் நம்பரையும் எழுதச் சொன்னார். டீச்சர் எதற்கு உங்களைக் கூப்பிடப் போகிறார் என்றேன்.

"டீச்சர் இல்ல மிஸ். அவன் கேட்டான்னா?"